ஏபிஐ மேலாண்மைத் தளம்: கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்

ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைக்கும் வழி; அந்த அழைப்புகளைச் சோதித்து, கட்டுப்படுத்தி, எண்ணுவது ஏபிஐ மேலாண்மைத் தளம். அதை வாங்க முடிவெடுத்ததும் பெரும்பாலான நிறுவனங்கள் செய்யும் முதல் வேலை, நான்கைந்து தளங்களின் வசதிகளை எக்செல் ஷீட்டில் போட்டு டிக் அடிப்பது. அதில் எல்லாத் தளங்களும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் எடுக்கும். ஓஆத் (டோக்கன் வழி அனுமதி முறை) உண்டா? உண்டு. ரேட் லிமிட் (அழைப்பு எண்ணிக்கைக்கு வரம்பு) உண்டா? உண்டு. அந்த வசதி நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறது என்பது ஷீட்டில் தெரியாது. அதை ஓட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் உங்கள் பக்கத்துக் கணக்கு

கடந்த 30 நாள் அக்சஸ் லாகை (அழைப்புகளின் பதிவேட்டை) எடுங்கள். ஒவ்வொரு ஏபிஐக்கும் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: யார் அழைக்கிறார்கள் (உள் சர்வீஸா, கூட்டாளி நிறுவனமா, மொபைல் ஆப்பா), உச்ச நிமிடத்தில் நொடிக்கு எத்தனை அழைப்பு, மிகப் பெரிய ரிக்வெஸ்ட் எத்தனை எம்பி, மிக மெதுவான பதிலுக்கு எத்தனை நொடி, இப்போது அடையாளச் சோதனை எப்படி நடக்கிறது. சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்; தளம் தடுமாறுவது உச்ச நிமிடத்தில்தான்.

செலவுக்கு மட்டும் சராசரி போதும். நொடிக்கு 20 அழைப்பு என்பது சின்னதாகத் தோன்றும். மாதத்துக்குப் பெருக்கினால் 5 கோடியே 18 லட்சத்தைத் தாண்டும். அழைப்புக்கு 2 கேபி லாக் என்றாலே மாதம் 100 ஜிபிக்கு மேல் சேரும். பல இடங்களில் கேட்வே (எல்லா அழைப்பும் கடந்துபோகும் நுழைவாயில் மென்பொருள்) கட்டணத்தைவிட லாக் சேமிப்புச் செலவு அதிகமாகிவிடுவது இதனால்தான். பிரவுசர் முன்கூட்டியே அனுமதி கேட்டு அனுப்பும் ஆப்ஷன்ஸ் அழைப்பு, ரீட்ரை, ஹெல்த் செக் எல்லாம் எண்ணிக்கையில் சேருமா, 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை), 429 (வரம்பு தாண்டியது) என்று திருப்பியனுப்பிய அழைப்புக்கும் கட்டணம் உண்டா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இந்தக் கணக்கு முடிந்ததுமே சிலருக்கு முழுத் தளம் தேவையில்லை என்று தெரிந்துவிடும். உள்ளுக்குள் பேசிக்கொள்ளும் பத்துப் பன்னிரண்டு ஏபிஐ மட்டுமே இருந்தால் என்ஜின்எக்ஸ், என்வாய் போன்ற ஒரு கேட்வே போதும். வெளி டெவலப்பர்கள் தாங்களே பதிவுசெய்து, சாவி வாங்கி, ஆவணம் படித்து, பயன்பாட்டைப் பார்க்க வேண்டும் என்றால்தான் டெவலப்பர் போர்ட்டலோடு கூடிய தளத்துக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எங்கே ஓடும், யார் பார்த்துக்கொள்வார்கள்

இங்கே கேட்க வேண்டியது உங்கள் குழுவின் திறமை பற்றி. காங் என்ற தளம் என்ஜின்எக்ஸ் மீதும் ஓப்பன்ரெஸ்டி மீதும் கட்டப்பட்டது. ஆழமாகப் போனால் லுவா மொழி தெரிந்திருக்க வேண்டும். டைக் தளம் கோ மொழியில் எழுதப்பட்டது, ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் இல்லாமல் ஓடாது. டபிள்யூஎஸ்ஓ2 ஜாவா உலகம். அஷூரின் ஏபிஐ மேனேஜ்மென்ட்டில் விதிகளை எக்ஸ்எம்எல்லில் எழுத வேண்டும். அதன் டெவலப்பர் அடுக்குக்குச் சேவை உத்தரவாதம் கிடையாது, மலிவாக இருக்கிறதே என்று அதில் நிஜ வாடிக்கையாளர்களை ஏற்றிவிடாதீர்கள். அபிஜீ ஹைப்ரிடில் நிர்வாகப் பகுதி கூகுள் கிளவுடில் இருக்கும், அழைப்புகளைக் கையாளும் பகுதி உங்கள் குபர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பில்) ஓடும், கூடவே கசாண்ட்ரா என்ற தரவுத்தளமும் வரும். அந்த இரண்டையும் நள்ளிரவில் சரிசெய்யத் தெரிந்த ஆள் இல்லையென்றால் முழுக்க அவர்களே நடத்தும் வடிவத்தை எடுப்பதே நல்லது. தரவு உங்கள் சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது என்ற சட்டக் கட்டாயம் இருந்தால் மட்டும் வேறு வழியில்லை.

நிர்வகிக்கப்பட்ட சேவைகளுக்கு நீங்களாக மாற்ற முடியாத வரம்புகள் உண்டு. அமேசான் ஏபிஐ கேட்வேயில் ரிக்வெஸ்ட் அளவு 10 எம்பியைத் தாண்ட முடியாது. ரெஸ்ட் ஏபிஐக்குப் பின்னாலிருக்கும் சேவை 29 நொடிக்குள் பதில் தர வேண்டும் என்பது இயல்பு வரம்பு. 2024 முதல் ரீஜனல் வகைக்கு இதைக் கூட்டித்தரக் கேட்கலாம். உங்கள் பட்டியலில் 40 நொடி எடுக்கும் ஒரு ரிப்போர்ட் ஏபிஐ இருந்தால், தளத்தை மாற்றுவதைவிட அதை “கோரிக்கை வந்தது, எண் இது, பிறகு கேள்” என்ற வடிவத்துக்கு மாற்றுவது மேல்.

ரேட் லிமிட்டை நம்பிவிடாதீர்கள்

அதிகம் ஏமாற்றும் வசதி இதுதான். நிமிடத்துக்கு 100 என்று வைக்கிறீர்கள். கேட்வே மூன்று நோடுகளில் (சர்வர்களில்) ஓடுகிறது. ஒவ்வொரு நோடும் தனித்தனியாக எண்ணினால் ஒரே வாடிக்கையாளருக்கு 300 அழைப்பு வரை போகும். சோதிப்பது எளிது: ஒரே சாவியில் ஒரு நிமிடத்துக்குள் 400 அழைப்பு அனுப்பி, எத்தனைக்கு 200 (வெற்றி) வந்தது, எத்தனைக்கு 429 வந்தது என்று எண்ணுங்கள்.

இன்னொரு ஓட்டை நிலையான நிமிடக் கணக்கு. 59ஆவது நொடியில் 100, அடுத்த நிமிடத்தின் முதல் நொடியில் 100 என்று அனுப்பினால் இரண்டு நொடியில் 200 அழைப்பு உள்ளே போய்விடும். எப்போதும் கடந்த 60 நொடியை எண்ணும் நகரும் சாளர முறையோ, அனுமதி சீரான வேகத்தில் நிரம்பும் டோக்கன் பக்கெட் முறையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணிக்கையை ரெடிஸில் பொதுவாக வைத்தால் துல்லியம் கிடைக்கும், ஆனால் ரெடிஸ் விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வரும். எல்லாரையும் உள்ளே விடுமா, எல்லாரையும் தடுக்குமா? பொருள் பட்டியல் ஏபிஐக்கு விட்டுவிடுவது சரி; ஓடிபி அனுப்பும் ஏபிஐக்குத் தடுப்பதே சரி. ஏபிஐ வாரியாக இதை அமைக்க முடிகிற தளத்தை எடுங்கள்.

பாதுகாப்பில் கேட்வே செய்யாதது

ஜேடபிள்யூடி (கையொப்பமிட்ட அடையாள டோக்கன்) சோதனை என்றால் கையொப்பம் மட்டும் போதாது. காலாவதி, வழங்கியவர், யாருக்காக வழங்கப்பட்டது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். வேறொரு சேவைக்காகத் தந்த டோக்கனை அனுப்பிப் பாருங்கள், 401 வர வேண்டும். பிறகு கையொப்பச் சாவியை மாற்றிப் பாருங்கள். பழைய சாவிகளையே கேட்வே மணிக்கணக்கில் கேஷில் வைத்திருந்தால் சாவி மாற்றும் நாளில் எல்லா வாடிக்கையாளருக்கும் கதவு சாத்தப்படும்.

ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் 2019, 2023 இரண்டு பதிப்புகளிலும் முதலிடம் ஒன்றுக்கே: ஒருவர் தன் டோக்கனை வைத்துக்கொண்டு அடுத்தவரின் ஆர்டர் எண்ணைப் போட்டு விவரத்தை எடுத்துவிடுவது. அந்த ஆர்டர் யாருடையது என்பது கேட்வேக்குத் தெரியாது. அதை உங்கள் கோடுதான் தடுக்க வேண்டும். எந்தத் தளம் வாங்கினாலும் இந்த வேலை தீராது.

இரண்டு வாரச் சோதனை

இரண்டே தளங்களைத் தேர்ந்து, உங்களிடம் இருப்பதிலேயே கடினமான ஏபிஐயை இரண்டிலும் ஏற்றுங்கள். ஹலோ வேர்ல்டை வைத்துச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே ஓடும். கே6 போன்ற சுமைச் சோதனைக் கருவியால் நான்கு முறை அளவெடுங்கள்: கேட்வே இல்லாமல், வெறும் கேட்வேயோடு, டோக்கன் சோதனை சேர்த்து, லாகும் சேர்த்து. பி99ஐப் பாருங்கள், அதாவது நூற்றில் 99 அழைப்புகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதை. ஒரு திரை ஐந்து அழைப்புகளால் ஆனது, அழைப்புகளில் நூற்றில் ஒன்று தாமதமாகிறது என்றால், நூற்றில் ஏறக்குறைய ஐந்து திரைகள் தாமதமாகும். ரிக்வெஸ்ட் பாடி முழுவதையும் லாக் செய்தால் வேகம் குறைவதோடு பாஸ்வேர்டும் அட்டை எண்ணும் லாகில் போய் உட்காரும். மறைக்கும் வசதி வேலை செய்கிறதா என்று லாகைத் திறந்தே பாருங்கள்.

பிறகு உடையுங்கள். நிர்வாகப் பகுதியின் இணைப்பைத் துண்டியுங்கள். அழைப்புகள் தொடர வேண்டும். அதே நிலையில் ஒரு கேட்வே நோடை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைசி அமைப்போடு எழுந்து வருகிறதா? பலரும் விட்டுவிடும் சோதனை இந்த இரண்டாவதுதான்.

டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) வரிசையையும் சரிபாருங்கள். பேக்எண்டு (கேட்வேக்குப் பின்னாலிருக்கும் உங்கள் சேவை) மிகக் குறைவு, கேட்வே அதைவிடக் கூட, கிளையன்ட் (அழைக்கும் ஆப்) எல்லாவற்றையும்விடக் கூட. மாற்றி வைத்தால் கேட்வே 504 (நேரம் முடிந்தது) சொல்லிவிட்ட பிறகும் பேக்எண்டு பணத்தை எடுத்துக்கொண்டிருக்கும், கிளையன்ட் மறுபடி அனுப்பும், பணம் இருமுறை போகும். எழுதும் ஏபிஐகளுக்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும், மறுபடி அனுப்பினாலும் மாறாத, தனி அடையாள எண் வைப்பது கட்டாயம்.

வெளியேறும் வழி

உங்கள் ஏபிஐகளை ஓப்பன்ஏபிஐ என்ற பொது விவரிப்புக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம் என்பார்கள். அதில் பாதைகளும் வடிவங்களும் வரும். எக்ஸ்எம்எல்லிலோ லுவாவிலோ எழுதிய விதிகள் வராது. எனவே தொழில் தர்க்கத்தைக் கேட்வே விதிகளில் எழுதாதீர்கள். எல்லா அமைப்பும் கிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்தில் இருக்கட்டும், திரையில் கையால் மாற்றுவதைப் பூட்டிவிடுங்கள். வாடிக்கையாளருக்கு எப்போதும் உங்கள் சொந்த டொமைனையே கொடுங்கள். தளம் தரும் முகவரியைக் கொடுத்துவிட்டால் மாறும்போது ஒவ்வொருவரும் தங்கள் கோடைத் திருத்த வேண்டிவரும்.

சாவிகளைப் பற்றியும் கேளுங்கள். தளம் அவற்றை ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி) வைத்திருந்தால் மூலச் சாவியை வெளியே எடுக்க முடியாது. அது பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் மாறும்போது எல்லாருக்கும் புதுச் சாவி கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கான கால அவகாசத்தை, பழைய தளம் கூடவே ஓட வேண்டிய மாதங்களோடு, இப்போதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.