கண்ணாடியிழைத் துணியைப் பிசிறில்லாமல் வெட்டுவது எப்படி? மாதிரி விமானம் கட்டுவோருக்கான செய்முறை

பால்சா என்னும் மிக லேசான, மென்மையான மரத்தில் கட்டிய இறக்கை நகம் பட்டாலே குழிந்துபோகும். அதன் மேல் மெல்லிய கண்ணாடியிழைத் துணியை விரித்து, பூசிய பின் கெட்டியாக இறுகும் பிசினான ரெசினைப் பூசிவிட்டால் மேல்தோல் கெட்டிப்படும். பெயின்ட்டையும் தாங்கும், கை பட்டாலும் தாங்கும். ரெசினை எப்படிக் கலப்பது, எப்படித் தேய்ப்பது என்றெல்லாம் விரிவாகச் சொல்பவர்கள்கூட, துணியை வெட்டும் இடம் வந்ததும் ‘அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் மாட்டிக்கொள்வது அந்த ஒரு வரியில்தான்.

கத்தரிக்கோலை வைத்ததும் துணி நழுவும். ஓரத்து இழைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். சதுரமாக வெட்டிய துண்டைக் கையில் எடுத்தால் சாய்சதுரமாகிவிடும். கழன்ற இழை ஒன்று ரெசினில் விழுந்து இறுகினால் முள்ளாக நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் துணியும் தேய்ந்து, மரம் தெரியத் தொடங்கிவிடும்.

இந்த வேலையில் வெட்டு ஒன்றல்ல, இரண்டு. முதல் வெட்டு மேசையில். இரண்டாவது விமானத்தின் மேலேயே, ரெசின் இறுகிய பிறகு. சுத்தமான விளிம்பைத் தருவது இரண்டாவது வெட்டுதான். நெசவு குலையாமல் துணியை மேசையிலிருந்து இறக்கை வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், முதல் வெட்டின் பொறுப்பு முடிந்தது. எனவே மேசையில் அரை மில்லிமீட்டருக்காக மல்லுக்கட்ட வேண்டாம். தாராளமாக வெட்டுங்கள்.

துணி ஏன் இப்படி அடம்பிடிக்கிறது?

பருத்தி நூலில் நுண்ணிய மயிர்கள் உண்டு. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வெட்டிய ஓரம் ஓரளவு நிற்கும். கண்ணாடி இழை வழவழப்பானது. பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒன்றையொன்று கடந்து போவதைத் தவிர, அவற்றைப் பிடித்து வைக்க வேறொன்றும் இல்லை. தளர்ந்த கயிற்றுக் கட்டிலின் ஒரு மூலையை இழுத்தால் பின்னல் முழுவதும் கோணுவதுபோல, இந்தத் துணியிலும் ஒரு மூலையை இழுத்தால் மொத்தமும் கோணும். தறியில் முடிக்கப்பட்ட கரை மட்டும்தான் தானாகப் பிரியாது.

மாதிரி விமானங்களின் மேற்பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 25 கிராம் அளவிலான துணியும் 50 கிராம் அளவிலான துணியும் அதிகம் பயன்படுகின்றன. அவுன்ஸ் கணக்கில் விற்கப்பட்டால், சதுர கெஜத்துக்கு 1 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 34 கிராம். ஆகவே முக்கால் அவுன்ஸ் துணியும் 25 கிராம் துணியும் ஒன்றே. 1.5 மீட்டர் நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள இறக்கைக்கு இரு பக்கமும் சேர்த்து 0.75 சதுர மீட்டர் பரப்பு. 25 கிராம் துணி என்றால் சுமார் 19 கிராம். 50 கிராம் துணி என்றால் அதன் இரட்டிப்பு. நன்றாக வழித்தெடுத்தாலும் துணியின் எடைக்குச் சற்றேறக்குறைய சமமான ரெசின் மேலே தங்கும். விமானத்துக்கு எடை எதிரி என்பதால் எல்லோரும் மெல்லிய துணியை நாடுகிறோம். வெட்டுவதற்கு மிகவும் சிரமம் தருவதும் அதே மெல்லிய துணிதான். முதல் முறை என்றால், ஒரு சிறு துண்டில் பழகிவிட்டு இறக்கைக்குப் போங்கள்.

மேசையைத் தயார் செய்தல்

தேவையானவை: துணி வெட்டும் சுழல் கத்தி (கைப்பிடியில் உருளும் வட்டக் கத்தி), அதற்கான ரப்பர் போன்ற வெட்டுவிரிப்பு, நீண்ட எஃகு அடிக்கோல், 24 மி.மீ. அகலமுள்ள காகித மாஸ்கிங் டேப், கூரான கத்தரிக்கோல் ஒன்று, புதிய சவர பிளேடுகள், மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாள்.

கண்ணாடி எந்தக் கூரையும் விரைவில் மழுங்கடித்துவிடும். தையலுக்கு வைத்திருக்கும் நல்ல கத்தரிக்கோலை இதில் பயன்படுத்தினால் வீட்டில் சமாதானம் கெடும். இதற்கென்று தனியாக ஒன்றை வைத்து, அடையாளமும் போட்டுவிடுங்கள்.

மேசையில் பழைய பசைத் துளியோ மரச்சிம்போ இருக்கக் கூடாது. அவற்றில் இழை சிக்கும். உங்கள் கையே சொரசொரப்பாக இருந்தாலும் சிக்கும். மெல்லிய நைட்ரில் கையுறை இரண்டு விதத்தில் உதவும்: இழை மாட்டாது, வெட்டும்போது உதிரும் துணுக்குகள் தோலில் ஏறி அரிக்கவும் செய்யாது. முழுக்கைச் சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் அவசியம். துணுக்குகளை வாயால் ஊதித் தள்ளாதீர்கள். டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுங்கள். தோலில் பட்டுவிட்டால் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

முதல் வெட்டு

துணியைச் சுருளிலிருந்து மெதுவாக உருட்டி விரியுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம். மடித்து வைத்த துணியாக இருந்தால் மடிப்புக்கோடுகள் ரெசினுக்கு அடியிலும் தெரியும். ஆகவே வாங்கும்போதே சுருளாக வாங்குவது நல்லது.

அடுத்து இழையின் திசை. கரையோடு இணையாகப் போவது பாவு. இறக்கையின் நீளத்துக்குப் பாவு வரும்படி துணியை வையுங்கள். குறுக்கே நேராக வெட்ட வேண்டுமானால் கண்ணை நம்பாதீர்கள். ஓரத்தில் ஒரே ஓர் ஊடை இழையை ஊசிமுனையால் கிளப்பி, மெல்ல உருவுங்கள். அது போன தடம் துணியில் மெல்லிய கோடாகத் தெரியும். நடுவில் அறுந்தால் அறுந்த இடத்தில் மறுபடி கிளப்பிக்கொள்ளலாம். அந்தக் கோட்டின் வழியே வெட்டினால் கத்தி ஓர் ஊடை இழையைக்கூட அரைகுறையாகக் கடக்காது. ஓரம் பிசிறாவதற்குப் பாதிக் காரணம் இழைக்குச் சாய்வாக வெட்டுவதுதான்.

இறக்கையின் எல்லா ஓரங்களிலும் 25 முதல் 30 மி.மீ. வரை கூடுதலாக விட்டுக் கணக்கிடுங்கள். இந்த அளவுக்குக் காரணம் இருக்கிறது. வெட்ட வேண்டிய கோட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, டேப்பின் நடுவில் வெட்டப்போகிறோம். 24 மி.மீ. டேப்பில் பாதி, அதாவது 12 மி.மீ., நம் துண்டில் தங்கும். மறுபாதி சுருளில் இருக்கும் துணியின் ஓரத்தைக் காக்கும். மெல்லிய துணியில் ஒட்டிய டேப்பை உரிக்க முயன்றால் இழைகளும் கூடவே வந்துவிடும். எனவே அதை உரிக்கவே போவதில்லை. டேப் இறக்கைக்கு வெளியே தொங்க வேண்டும். இரண்டாவது வெட்டில் அது தானாகக் கழிந்துவிடும். 10 மி.மீ. மட்டும் கூடுதலாக விட்டால் டேப்பின் ஒரு பகுதி இறக்கையின் மேலேயே வந்து உட்காரும், அங்கே ரெசின் இறங்காது.

டேப்பை ஒட்டும்போது இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள். இழுபட்ட டேப் பிறகு சுருங்கி, துணியையும் சேர்த்துச் சுருக்கும். ஒரு சாண் நீளத் துண்டுகளாகக் கிழித்து, மேலிருந்து வைத்து, அடிக்கோலின் முனையால் அழுத்தினால் போதும். அளவுக்குறிகளை எல்லாம் டேப்பின் மேலேயே போடுங்கள். துணியில் பேனா படக் கூடாது; ஊடுருவித் தெரியும் ரெசினுக்கு அடியில் மை அப்படியே நிற்கும்.

இப்போது எஃகு அடிக்கோலை டேப்பின் நடுவில் வைத்து, சுழல் கத்தியை ஒரே சீரான அழுத்தத்தில் உருட்டுங்கள். அடிக்கோல் உங்கள் துண்டின் மேல் இருக்கட்டும், கத்தி மறுபக்கம் ஓடட்டும். நழுவினாலும் நஷ்டம் அந்தப் பக்கம்தான். முன்னும் பின்னுமாக அறுக்காதீர்கள். கத்தரிக்கோலைவிடச் சுழல் கத்தி மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் கூர்மை அல்ல. கத்தரிக்கோலின் கீழ் அலகு துணியைத் தூக்கும். சுழல் கத்தி துணியை மேசையோடு அழுத்தி வைத்துக்கொண்டே வெட்டும்.

வெட்டிய பிறகு ஆங்காங்கே ஓர் இழை மட்டும் அறுபடாமல் நின்றால், அந்த இடைவெளிகளை அளந்து பாருங்கள். 45 மி.மீ. விட்டமுள்ள சுழல் கத்தியின் சுற்றளவு சுமார் 14 செ.மீ. ஒவ்வொரு 14 செ.மீ.க்கும் ஒரு முறை இழை நிற்கிறதென்றால் வட்டத்தில் ஓரிடத்தில் பல் விழுந்திருக்கிறது. கத்தியை மாற்ற வேண்டியதுதான். இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் கத்தி மேல் குற்றமில்லை, விரிப்பில் பழைய வெட்டுத்தடங்கள் பள்ளமாகியிருக்கும். நின்ற இழையைக் கையால் பிய்க்காதீர்கள், கத்தரிக்கோல் முனையால் நறுக்குங்கள்.

சுழல் கத்தி இல்லாதவர்கள் துணியை இரண்டு காகிதங்களுக்கு நடுவில் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்டலாம். அலகின் நடுப்பகுதியால் நீளமாக வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முனை வரை மூடாமல் முன்னேறுங்கள். வளைந்த வடிவங்களுக்கு இந்த முறை சுழல் கத்தியைவிடவும் நன்றாக வரும், ஏனென்றால் மேல் காகிதத்தில் வடிவத்தை வரைந்துகொள்ளலாம். ஸ்பிரே பசையையோ முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயையோ தெளித்துத் துணியை விறைப்பாக்கும் பழக்கமும் உண்டு. எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. கொஞ்சம் கூடினாலும் அந்த இடத்தில் ரெசின் ஊறாமல் வெள்ளைத் திட்டாகத் தெரியும். செய்தே தீர வேண்டுமென்றால் தொங்கும் ஓரத்தில் மட்டும் தெளியுங்கள்.

இறக்கைநுனியும் வளைவுகளும்

உருண்டையான நுனியில் நேர்நெசவாக வைத்த துணி சுருக்கம் விழும். அங்கே தனித்துண்டு ஒன்றை இழைக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டிப் போடுங்கள். சாய்வாக வெட்டிய துணி எல்லாப் பக்கமும் நெளிந்து கொடுக்கும், வளைவில் படிந்து உட்காரும். அதே காரணத்தால் தூக்கும்போது நீண்டு உருமாறவும் செய்யும். எனவே கையில் எடுக்காமல், வெட்டிய காகிதத்தோடு கொண்டுபோய் இறக்கையின் மேல் நழுவவிடுங்கள்.

தொங்கும் ஓரம் வளைவில் மடிந்து சுருண்டால், அந்தத் தொங்கலில் மட்டும் ஆங்காங்கே ஆப்பு வடிவ வெட்டுகள் போடலாம். வெட்டின் முனை இறக்கையின் விளிம்புக்கு 3 மி.மீ. முன்பே நிற்க வேண்டும். விளிம்பைத் தொட்டால் அங்கிருந்து இழை கழல ஆரம்பிக்கும்.

இவை எல்லாவற்றையும் ரெசின் தொடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஈரத் துணியை வெட்டாதீர்கள். பிளேடு இழையை அறுக்காது, இழுத்துக்கொண்டு போகும். சுருக்கம் விழுந்துவிட்டதா, விட்டுவிடுங்கள். இறுகிய பிறகு தேய்த்துச் சரிசெய்யலாம். தனி இழை ஒன்று ரெசினில் மிதந்தாலும் அதை உருவப் பார்க்காதீர்கள், ஒரு வரிசையே கூட வரும். வெளியே நீட்டியிருக்கும் பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, மீதியைப் பிரஷ்ஷால் படியவையுங்கள். பிரஷ் ஓட்டம் எப்போதும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி.

இரண்டாவது வெட்டு

எபாக்ஸி ரெசின் இறுகும் வழியில் ரப்பர் போன்ற ஒரு பருவத்தைக் கடக்கும்: விரலில் ஒட்டாது, நகத்தால் அழுத்தினால் தடம் விழும். அப்போது புதிய சவர பிளேடை விளிம்போடு சாய்த்து ஓட்டினால் தொங்கல், டேப்போடு சேர்ந்து நறுக்கென்று வந்துவிடும். பருவத்தை அறியக் கலக்கிய கிண்ணத்தைப் பார்க்காதீர்கள். கிண்ணத்தில் திரண்டிருக்கும் ரெசின் தன் சூட்டாலேயே சீக்கிரம் இறுகிவிடும்; இறக்கையில் மெல்லிய படலமாக இருப்பது பின்தங்கியே வரும். தொங்கும் ஓரத்திலேயே நகத்தை வைத்துப் பாருங்கள்.

அந்த நேரம் தவறிவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. உண்மையில் 25 கிராம் துணிக்கு நான் பரிந்துரைப்பது முழுதாக இறுகும்வரை காத்திருப்பதைத்தான். 220 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, விளிம்பில் 45 பாகையில் வைத்து, மேற்பரப்பிலிருந்து வெளிப்புறமாகக் கீழ்நோக்கி மட்டும் தேயுங்கள். சில இழுப்புகளில் துணி விளிம்பிலேயே அறுந்து, தொங்கல் பட்டையாக விழுந்துவிடும். கட்டையை மேல்நோக்கி இழுத்தால் துணி மரத்திலிருந்து உரியும். ரெசினுக்குப் பதிலாக நீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷ் பூசியவர்களுக்கு ரப்பர் பருவம் கிடையாது. அவர்களுக்கு இந்த உப்புத்தாள் வழிதான், நன்றாகக் காய்ந்த பிறகு. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்: இந்தத் தூசியில் ரெசினும் கண்ணாடியும் கலந்திருக்கின்றன.

இறக்கையின் அடிப்பக்கத்தை முதலில் முடித்து ஓரம் நறுக்கிவிட்டு, பிறகு மேல்பக்கத்துக்கு வாருங்கள். முன்விளிம்பில் மட்டும் மேல்துணி அடித்துணியின் மேல் 6 மி.மீ. ஏறி இறங்கட்டும். அந்த 6 மி.மீ.யையும் கூட்டிக்கொண்டு துணியை வெட்டினால்தான் அங்கும் டேப் வெளியே நிற்கும். ஏறி நிற்கும் இடத்தின் படியைப் பிறகு 320 எண் தாளால் இறக்கிவிடலாம். ஐலரான், எலிவேட்டர் போன்ற அசையும் பகுதிகளைத் தனியாகக் கழற்றித்தான் துணி போட வேண்டும். சேர்த்துப் போட்டுவிட்டுக் கீலின் பிளவில் பிளேடை விடுவது பால்சாவைச் சிதைக்கும்.

மிஞ்சிய துணியை ஓரத்து டேப்போடேயே அட்டைக் குழாயில் சுற்றி வைத்துவிடுங்கள். சின்னத் துண்டுகளைக் காகிதங்களுக்கு நடுவில் தட்டையாக வைத்திருந்தால், சக்கரத்தண்டு பொருத்தும் இடத்துக்கும் இறக்கை நடு இணைப்புக்கும் வலுச் சேர்க்கப் பயன்படும்.