சான்றிதழை மாற்றிவிட்டால் வண்டி மறைந்துவிடாது

ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கார்கள், 'இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன்' என்று நொடிக்குச் சுமார் 10 முறை அறிவித்துக்கொண்டே போகும். இதில் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, செய்தியை என்கிரிப்ட் செய்தால் (பூட்டி அனுப்பினால்) தனியுரிமை வந்துவிடும் என்று நினைப்பது. முன்னால் போகிற வண்டி சடாரென்று பிரேக் அடித்தது பின்னால் வரும் முன்பின் தெரியாத வண்டிக்கும் புரிய வேண்டுமே! அதனால் செய்தி திறந்தேதான் போகும், போலி இல்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தோடு. மறைக்க வேண்டியது கையொப்பம் யாருடையது என்பதைத்தான். அதற்காகவே, அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும், பெயர் இல்லாத தற்காலிகச் சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாகத் தருகிறார்கள்; யாரும் பின்தொடர முடியாதபடி வண்டி இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். இந்தச் சான்றிதழ்களை வழங்கி நிர்வகிக்கும் அமெரிக்காவின் எஸ்சிஎம்எஸ் (SCMS) வடிவமைப்பில் வண்டிக்கு வாரம் 20.

அப்புறம்தான் பெரிய தவறு. சான்றிதழை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவார்கள். சாலையோரம் ஒருவர் ரிசீவர் வைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். பழைய சான்றிதழில் வந்த கடைசிச் செய்தியின் வரிசை எண் 57, புதியதில் வந்த முதல் செய்தி 58, மேக் முகவரியும் (ரேடியோ கருவியின் அடையாள எண்) அதே. இரண்டும் ஒரே வண்டி என்று சொல்ல அவருக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. தற்காலிக அடையாள எண், வரிசை எண், மேக் முகவரி, கடந்து வந்த பாதையின் பதிவு எல்லாமே அதே கணத்தில் மாற வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் போச்சு. அப்படியே மாற்றினாலும், ஆளில்லாத சாலையில் தனியாகப் போகும்போது மாற்றி என்ன பயன்? நாலைந்து வண்டிகள் நெருக்கமாகப் போகும் இடத்தில் மாற்றினால்தான் குழப்பம் வரும். அதிலும் செய்தியிலேயே வண்டியின் நீள அகலம் போகிறது என்பதால், கார்களுக்கு நடுவே ஒரே ஒரு லாரி என்றால் அது தனியாகத் தெரிந்துவிடும்.

சான்றிதழ் கேட்பது யார், என்ன சான்றிதழ் கிடைத்தது என்ற இரண்டையும் ஒரே அமைப்பின் கையில் கொடுப்பதும் தவறுதான். எஸ்சிஎம்எஸ் இதை வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரே நேரத்தில் 20 சான்றிதழும் செல்லுபடியாகும் என்றால், ஒரு விஷமி தன் ஒரே வண்டியை 20 வண்டியாகக் காட்டி இல்லாத நெரிசலை உருவாக்கலாம். அவனை நீக்க வழி இல்லாத தனியுரிமையை நான் ஏற்கமாட்டேன். நீக்கிய பிறகு வரும் செய்திகளை மட்டும் அடையாளம் காணலாம், பழைய பயணங்கள் அம்பலமாகக் கூடாது. எஸ்சிஎம்எஸ் அதற்கும் வழி செய்திருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு டயரை மறந்துவிடாதீர்கள். காற்றழுத்த சென்சார் மாறாத ஓர் எண்ணைத் தனியாக ஒலிபரப்புகிறது. 40 மீட்டர் தள்ளியிருந்தே அதைப் படிக்க முடியும் என்று 2010இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.