கார் ஷெட்டைப் பட்டறையாக்க: எங்கே செலவழிக்கணும், எங்கே மிச்சம் பிடிக்கணும்

வீட்டை ஒட்டி 10 அடிக்கு 18 அடியில் ஒரு ஷெட். மேலே தகர ஷீட், கீழே அங்கங்கே பெயர்ந்த சிமெண்ட் தரை, மூலையில் ஓடாத சைக்கிளும் காலி பெயிண்ட் டப்பாக்களும். காரும் நிற்கணும், ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ பார்ப்பது, பைக் செயினைக் கழற்றிக் கழுவுவது போன்ற வேலைகளையும் இங்கேயே செய்துகொள்ளணும் என்று இறங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் டூல்ஸ் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். தரை, கூரை, கரண்ட், வெளிச்சம் என்ற வரிசையில் போய் கடைசியில் டூல்ஸ் வாங்கினால் செலவும் குறையும், ஒரே வேலையை இரண்டு தடவை செய்யவும் வேண்டாம்.

பணத்தைப் பிரிக்க ஒரே கணக்குதான். கரண்ட் ஓடும் பொருளையும் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் பொருளையும் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். மேசை, ரேக், வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தாடை), சுத்தியல் எல்லாம் பழசே போதும்.

தரை

முதலில் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று கெட்டியாகக் கேட்டால் அந்த இடம் நல்லது. 'டொப்' என்று கேட்டால் மேல்பூச்சு கீழேயுள்ள கான்கிரீட்டை விட்டுவிட்டது; அங்கே பெயிண்ட் அடித்தாலும் டைல்ஸ் ஒட்டினாலும் நிற்காது. டொப்பு இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். மொத்தத் தரையில் கால்பாகத்துக்குள் இருந்தால் ஒட்டு வேலை போதும். பாதிக்கு மேல் போனால் புதுத் தரைதான்.

ஒட்டுப் போடும்போது எல்லோரும் செய்யும் தப்பு, குழி இருக்கிற வடிவத்திலேயே கலவையை அப்பிவிடுவது. ஓரத்தில் காகிதம்போல் மெலிந்து நிற்கும் கலவை முதல் மாதத்திலேயே பொரிந்துவிடும். கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டுக் குழியைச் சுற்றிச் சதுரமாகக் கோடு வெட்டி, ஓரம் குறைந்தது ஓர் அங்குல ஆழம் இருக்கும்படி கொத்தி எடுங்கள். தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தேங்கிய நீரை ஒற்றி எடுத்தபின் சிமெண்ட் பால் தடவுங்கள். பால் காய்வதற்குள் கலவை விழணும். காய்ந்த பால்மேல் போட்ட கலவை ஒட்டாது.

புதுத் தரை என்றால் 10க்கு 18 அடியில் 4 அங்குலக் கனத்துக்கு 60 கன அடி கான்கிரீட் வேண்டும். 1 பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்று கலந்தால் சுமார் 14 மூட்டை சிமெண்ட், 25 கன அடி எம்-சாண்ட், 50 கன அடி முக்கால் அங்குல ஜல்லி ஆகும். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும். இழுக்கச் சுலபமாக இருக்கிறதென்று ஹோஸைத் திறந்துவிடும் கொத்தனாரைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். கூடுதல் தண்ணீர் மேலே மிதந்து வந்து, காய்ந்ததும் பவுடராக உதிரும். எத்தனை தடவை பெருக்கினாலும் வெள்ளைத் தூசி போகாத தரைக்கு அதுதான் காரணம். ஈரம் சீக்கிரம் இழுக்கட்டுமென்று மேலே வறண்ட சிமெண்டைத் தூவுவதும் அதே வகைத் தப்பு, அது தோலாக உரிந்து வரும்.

வாட்டம் வாசல் பக்கம் 18 அடிக்கு 2 அங்குலம் இருந்தால் மழைநீரும் கழுவிய தண்ணீரும் வெளியே ஓடிவிடும். அதற்கு மேல் வேண்டாம். தூக்கி வைத்த வண்டி உருளப் பார்க்கும். நீளவாக்கில் 6 அடிக்கு ஒரு கோடு, அகலத்தில் நடுவே ஒரு கோடு என்று ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டிவிட்டால், விரிசல் விழுந்தாலும் அந்தக் கோட்டுக்குள்ளேயே விழும். ஏழு நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் காட்டுங்கள். பைக்கை ஒரு வாரத்தில் ஏற்றலாம், காருக்கு மூன்று வாரமாவது பொறுங்கள்.

எபாக்ஸி பெயிண்ட் ஆசை இருந்தால் முதலில் ஒரு சோதனை. இரண்டடிச் சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ அந்த இடத்தில் தரை நிறம் கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அங்கே எபாக்ஸி குமிழ் விட்டு உரியும். அப்படியானால் வெறும் சிமெண்ட் தரையும் ஒரு டப்பா மரத்தூளும் வைத்திருங்கள். ஆயில் சிந்தினால் மரத்தூளைக் கொட்டி, காலால் தேய்த்து, அள்ளிவிடலாம். பழைய கறைக்கு வாஷிங் சோடாவும் தேங்காய்நார் பிரஷும் போதும்.

கூரை

தகர ஷீட் ஒழுகினால் பெரும்பாலும் ஷீட்மேல் குற்றமில்லை, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே வடிவ போல்ட்டின் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும். வாஷரை மட்டும் மாற்றிப் பாருங்கள். புதிதாக ஸ்க்ரூ அடிப்பதானால் ஷீட்டின் மேட்டில் அடிக்கணும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் தண்ணீர் அத்தனையும் அந்தத் துளை வழியாகத்தான் போகும். வெயிலுக்கு வெள்ளைக் கூல்-ரூஃப் பெயிண்ட் இரண்டு கை அடித்தாலே சித்திரை மாதத்தில் உள்ளே நிற்க முடியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடவோ, வெட்டவோ, வயர் பிரஷால் தேய்க்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அப்படியே விட்டு மேலே பெயிண்ட் மட்டும் அடியுங்கள்.

கரண்ட்

ஹாலில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வேலை செய்வதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. சுருட்டிய நிலையிலேயே அந்த வயரில் கிரைண்டரையோ ஹீட்டரையோ ஓட்டினால் சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும். மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள். பிளக் பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 16 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். கம்ப்ரஸரோ வெல்டிங் மெஷினோ பின்னால் வரப்போகிறது என்றால் இப்போதே 4 சதுர மில்லிமீட்டரில் ஒரு லைன் போட்டு வையுங்கள்.

லைனின் தொடக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடத்தில் உயிரைக் காப்பது இதுதான். புது ஆர்சிசிபி மாட்டியவுடன் அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் கோளாறு அதில் இருக்காது. ஷெட் லைட்டுக்கு ஃபேஸ் இங்கிருந்தும் நியூட்ரல் பக்கத்து அறை லைனிலிருந்தும் வந்திருக்கும். நியூட்ரலைத் தனியாகக் கொண்டுவந்தால் பிரச்சினை தீரும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள், எர்த் வயரும் புதுப் பாயிண்டுகள் எல்லாவற்றுக்கும் போகணும்.

பிளக் பாயிண்டுகள் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர் படாது என்பது ஒரு காரணம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அது தரையோடு தவழும், சுவிட்ச் பொறி கீழே இருந்தால் ஆபத்து என்பது பெரிய காரணம்.

வெளிச்சத்துக்கு நடுவில் ஒரே ட்யூப் போட்டால், பானெட்டுக்குள் குனிந்ததும் உங்கள் தலை நிழலே இன்ஜின்மேல் விழும். நாலடி எல்ஈடி ட்யூப் இரண்டை, காரின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று நீளவாக்கில் மாட்டுங்கள். மேசைக்கு மேல் மூன்றாவது. காந்தம் வைத்த சார்ஜ் லைட் ஒன்று இருந்தால் வண்டிக்கு அடியில் உதவும்.

மேசை, வைஸ், ரேக்

தேக்குக் கதவு ஒன்று காயலான் கடையில் கிடைத்தால் மேசைப் பலகை தயார். 40 மில்லிமீட்டர் ஆங்கிளில் நாலு கால் வெல்டிங் செய்து, சுவரோடு இரண்டு இடத்தில் போல்ட் போட்டுவிடுங்கள். ரம்பம் இழுக்கும்போது ஆடாத மேசைதான் மேசை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அந்த உயரம் போதும், பலருக்கு 34 அங்குலத்தை ஒட்டி வரும்.

வைஸ் 4 அங்குலம் எடுங்கள். பழைய வார்ப்பிரும்பு வைஸ் கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும். வாங்குமுன் தாடையை முழுக்க மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். திருகைத் திருப்பும்போது அரைச் சுற்றுக்கு மேல் சும்மா சுற்றினால் மரை தேய்ந்திருக்கிறது. மாட்டும்போது மேசைக் காலுக்கு நேர் மேலே வரணும், நிலையான தாடை மேசை விளிம்பைவிட அரை அங்குலம் வெளியே நிற்கணும். விளிம்புக்கு உள்ளே பொருத்திவிட்டால் நீளமான பைப்பைச் செங்குத்தாகப் பிடிக்கவே முடியாது, மேசை தடுக்கும். மர ஸ்க்ரூ வேண்டாம். பலகையைத் துளைத்து, கீழே பெரிய வாஷரோடு நட் போல்ட் போடுங்கள்.

ரேக்குக்குத் துளை ஆங்கிள் போதும். மர ஷெல்ஃபைக் கரையான் விடாது. கனமானது கீழ்த்தட்டில்.

தூக்குவது

2 டன் ட்ராலி ஜாக் ஒன்று, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்சில் ஸ்டாண்டு ஒரு ஜோடி. ஜாக் தூக்குவதற்கு மட்டும். ஹைட்ராலிக் சீல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகுதான் அடியில் கை போகணும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக்கு ஆகாது. அவை வளைந்து எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் நொறுங்கும். தூக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியை ஒரு தடவை பலமாகத் தள்ளிப் பாருங்கள், ஆடினால் அப்போதே ஆடட்டும்.

டூல்ஸ்

ரிங் ஸ்பேனர், பிக்ஸ் ஸ்பேனர் (வாய் திறந்தது) இரண்டும் 6 முதல் 22 மில்லிமீட்டர் வரை ஒரு செட்; அரை அங்குல ராட்செட்டோடு பாக்ஸ் ஸ்பேனர் 10 முதல் 24 வரை. நம்மூர் வண்டிகளில் 8, 10, 12, 14, 17 தான் அதிகம் சுற்றும். 10 நம்பர் ஸ்பேனர் தொலையும், இரண்டாக வாங்குங்கள். முடிந்தவரை ரிங்கையே போடுங்கள்; தேய்ந்த பிக்ஸ் ஸ்பேனர் நட்டின் முனையை வழித்துவிடும். பைக் இன்ஜின் கவரின் ஸ்டார் ஸ்க்ரூவைக் கைத் திருப்புளியால் முறுக்கித் தலையைக் கெடுக்காமல், சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்கு, எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். கூடுதலாக ஒரு முறுக்கு முறுக்கினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். முறுக்க வேண்டிய அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கை துடைக்க திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. ஆயில் ஊறிய துணியை மூலையில் குவிக்காமல் மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

2 கிலோ ஏபிசி தீயணைப்பானை வாசல் பக்கம் மாட்டுங்கள். தீப்பிடித்தால் நீங்கள் ஓடப்போவது வாசலை நோக்கித்தான். உள்மூலையில் மாட்டியிருந்தால் தீயைத் தாண்டிப் போய் எடுக்கணும். மாதம் ஒரு முறை முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினை ஓட்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கழற்றிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் புது ஆயில் வந்த கேனிலேயே சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கடைசியாக ஷட்டருக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழைந்தால் எலிக்குஞ்சும் நுழையும், காரின் வயரிங்கைக் கடிக்கும். அடியில் ரப்பர் பட்டை, ஜன்னலுக்கும் கூரை இடைவெளிக்கும் 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை. பிளாஸ்டிக் வலையை ஒரே ராத்திரியில் தின்றுவிடும்.