ஹவாய் போக்கே: குளிர்ந்த மீனும் சூடான சோறும்

போக்கே என்பது பச்சை மீன் துண்டுகளைப் பிசறிச் செய்யும் ஹவாய் உணவு. இப்போது மாம்பழம், சோளம், மயோனைஸ் எல்லாம் குவித்து அதைச் சோற்றோடு விற்கிறார்கள். அந்தக் குவியலில் மீன் காணாமல் போய்விடுகிறது. ஹவாய்த் தீவுகளில் பழைய முறை மிக எளியது: மீன் துண்டுகள், கடலுப்பு, லிமு என்னும் கடற்பாசி, வறுத்து நுணுக்கிய குக்குய் என்னும் மரத்தின் கொட்டை. 1885 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குப் பெருமளவில் வந்த ஜப்பானியர்களின் சோயா சாஸ் பிறகு சேர்ந்துகொண்டது. அந்த எளிய போக்கேயைத்தான் இங்கே செய்யப்போகிறோம். அளவுகள் இரண்டு பேருக்கு.

1. மீன் வாங்குதல்

300 கிராம் சூரை வேண்டும். ஹவாய்க்காரர்கள் 'அஹி' என்று சொல்லும் மஞ்சள்துடுப்புச் சூரை கிடைத்தால் மிகவும் நல்லது. குழம்புக்கு வாங்கும் மீனை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், பச்சையாகச் சாப்பிடாதீர்கள். பிடித்ததும் ஐஸில் வைக்கத் தாமதமானால் சூரையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உருவாகும். அது உறைய வைத்தாலும் போகாது, சமைத்தாலும் போகாது. மீனில் இருக்கக்கூடிய புழுக்கள் சாக மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பலவற்றில் அந்தக் குளிர் வராது. ஆகவே, பச்சையாக உண்பதற்கென்றே உறையவைத்து விற்கும் மீனை, நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். நிறத்தை நம்ப வேண்டாம்: கார்பன் மோனாக்சைடு ஏற்றிய மீன் பழையதானாலும் தர்பூசணிச் சிவப்பிலேயே இருக்கும்.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பச்சை மீன் கூடாது. அவர்களுக்கும், நல்ல மீன் கிடைக்காதவர்களுக்கும், வேகவைத்து ஆறவைத்த இறால் போதும். வேகவைத்த ஆக்டோபஸில் செய்யும் போக்கே ஹவாயிலேயே உண்டு.

2. உறைநீக்கம்

காற்று நீக்கிய உறையை முதலில் பிரித்துவிடுங்கள். காற்றுப் புகாத உறைக்குள்ளேயே உருகினால் நச்சுக் கிருமி வளர வாய்ப்புண்டு. மீனைச் சமையலறைத் தாளில் சுற்றி, மூடிய பாத்திரத்தில் வைத்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் விடுங்கள்.

3. சோறு

உருண்டையான, ஒட்டும் தன்மையுள்ள அரிசி ஒரு கப். பாஸ்மதி உதிர்ந்துபோகும், வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஒன்றேகால் கப் தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் மூடி, மிகச் சிறு தீயில் 12 நிமிடம். அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

4. வெட்டுதல்

சோறு வேகும்போது மீனை வெளியே எடுத்தால் போதும். நீளமான, கூரிய கத்தி தேவை. கருஞ்சிவப்பாக இருக்கும் பகுதியை நீக்கிவிடுங்கள், கவிச்சி அதில்தான் அதிகம். சதையில் மெல்லிய கோடுகள் ஓடும். அவற்றுக்குக் குறுக்கே, ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். ரம்பம்போல் முன்னும் பின்னும் அறுத்தால் ஓரங்கள் நைந்து, சாறு வெளியேறிவிடும். 2 செ.மீ. சதுரங்கள் சரியான அளவு. வெள்ளை நரம்புகள் அடர்ந்த பகுதியைக் கரண்டியால் சுரண்டினால் நரம்பு தங்கி, சதை மட்டும் வரும். வெட்டியதும் மறுபடியும் குளிரில் வையுங்கள்.

5. பிசறுதல்

சோயா சாஸ் ஒன்றரை மேஜைக்கரண்டி, வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, மெல்லிதாக நறுக்கிய வெங்காயம் பாதி, வெங்காயத்தாள் சிறிது, கடலுப்பு ஒரு சிட்டிகை. நம் நல்லெண்ணெயில் அந்த வறுத்த மணம் இல்லை. அதுதான் இருக்கிறதென்றால், ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்து நுணுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். குக்குய்க்கு மாற்றாக வறுத்த முந்திரியை உப்புடன் பொடித்துத் தூவலாம். ஹவாயில் 'ஓகோ' என்னும் பாசியைப் போடுவார்கள். மன்னார் வளைகுடாவின் கஞ்சிப்பாசி அதற்கு நெருங்கிய உறவு. சமையலுக்கென விற்கும் பாசி கிடைத்தால் ஊறவைத்து, கழுவி, சிறிது நறுக்கிப் போடுங்கள்.

கையால் மெதுவாகப் புரட்டி, 10 நிமிடம் குளிரில் வையுங்கள். அதற்குமேல் ஊறினால் உப்பு நீரை இழுத்து, மீன் இறுகிவிடும்.

6. பரிமாறுதல்

வெதுவெதுப்பான சோற்றின்மேல் மீனைக் குளிர்ச்சியோடு வைத்து உடனே சாப்பிடுங்கள். சோறு கொதிக்கும் சூட்டில் இருந்தால் மீனின் அடிப்பகுதி வெந்துவிடும். மீந்ததை மறுநாள் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. அன்றே நன்கு காய்ந்த தோசைக்கல்லில் போட்டு, முழுதும் வேகும்வரை புரட்டி எடுங்கள். ஹவாயில் பொரித்த போக்கே தனி உணவாகவே விற்கப்படுகிறது.