வாஷிங் மெஷின் ஷாக் அடிச்சது, கோளாறு இருந்தது சாக்கெட்ல

ரெண்டு மாசமா வாஷிங் மெஷின தொட்டா சுருக்குனு இருக்கும், செருப்பு போட்டிருந்தா தெரியாது, ஈரக்கால்ல நின்னா நல்லாவே தெரியும். மெஷின்தான் போச்சுன்னு ஆள கூப்பிட்டேன், அவர் பாத்துட்டு மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு போயிட்டார்.

அப்புறம் மல்டிமீட்டர வெச்சு சாக்கெட்ட பாத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட், சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதேதான் வரணும், ஆனா 60, 70னு ஆடிக்கிட்டே இருந்துச்சு, அப்பவே தெரிஞ்சுபோச்சு எர்த் அந்தரத்துல தொங்குதுன்னு. மெஷினுக்குள்ள இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர் (கரண்ட்ல வர்ற இரைச்சல வடிகட்டுற பாகம்) வழியா கொஞ்சம் கரண்ட் எப்பவும் கசியும், எர்த் இருந்தா சத்தமில்லாம இறங்கிடும், இல்லன்னா பாடியிலயே நிக்கும்.

மெயின ஆஃப் பண்ணி, மல்டிமீட்டர்ல கரண்ட் இல்லன்னு பாத்துட்டு பிளேட்ட கழட்டினா, எர்த்துக்கான பச்சை ஒயர மாட்டவே இல்ல! பெட்டிக்குள்ள சுருட்டி விட்டிருக்காங்க, முனைய கூட சீவல. சீவி, எர்த் பின் ஸ்குரூல நல்லா முறுக்கி மாட்டினேன். இப்ப ஃபேஸ்-எர்த் 230, நியூட்ரல்-எர்த் 2 வோல்ட்டுக்குள்ள, பாடிய வெறுங்கால்ல தொட்டாலும் ஒண்ணுமில்ல.

நடுவுல ஒருத்தர் நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுடுன்னார். ஐயோ, அத மட்டும் செய்யாதீங்க, நியூட்ரல் எங்கயாவது விட்டுச்சுன்னா மெஷின் பாடியில முழு 230ம் வந்து நிக்கும். அதுக்கு பதிலா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்) ஒண்ணு போட்டுட்டேன், மாசம் ஒருதடவ டெஸ்ட் பட்டன அமுக்கி பாக்குறேன்.