‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டு நாம் செய்கிற தவறுகள்

வேலை போய் வீட்டில் இருந்த 11 மாதமும் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். இடப்பக்கம் தேதி, அதற்கு எதிரே அன்று வாசித்த அதிகாரம், ஜெபித்த நேரம், உபவாசம் இருந்தால் ஒரு வட்டம். பக்கங்கள் நிரம்ப நிரம்ப ஒரு தைரியம் வந்தது, இவ்வளவு செய்கிறவனைக் கர்த்தர் கைவிடுவாரா என்று. ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச நாள், குழந்தை தண்ணீரைக் கொட்டிவிட்டது என்று நான் போட்ட கத்தலில் வீடே அடங்கிப்போக, என் மனைவி தட்டை எடுத்து முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க பேசாம சாப்பிட்டுட்டே ஜெபம் பண்ணுங்க.” எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று ராத்திரி அந்த நோட்டைத் திறந்தபோது, வட்டிக்கு விட்டவன் எழுதி வைக்கிற கணக்குப் புத்தகம் மாதிரித் தெரிந்தது. கொடுத்தவன் நான், திருப்பித் தரவேண்டியவர் தேவன்.

கஷ்டகாலத்தில் நாம் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளைக்கிறது என்று நினைக்கிறேன். தேவனை நம்புகிறோம் என்று வாய் சொல்கிறது, மனசு நம்பிக்கொண்டிருப்பதோ தானே எழுதி வைத்த ஒரு முடிவை. வேலை கிடைக்கும், நோய் தீரும், பிரிந்துபோனவர் திரும்பி வருவார் என்று ஒரு முடிவு. அதை வரவழைக்க ஜெபம், உபவாசம், காணிக்கை. ‘தேவபக்தியை ஆதாயத்தொழிலென்று எண்ணுகிறவர்கள்’ என்று பவுல் சிலரைச் சொல்கிறார் (1 தீமோத்தேயு 6:5). மேடையில் நின்று பணம் கேட்கிறவர்களுக்கான வசனம் அது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பணம் கேட்காமலும், ஒரு மூலையில் முழங்கால் போட்டபடியே அந்தத் தொழிலைச் செய்யலாம்.

அதற்காக முடிவைக் கேட்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கேட்கலாம், கெஞ்சலாம், அழுது கேட்கலாம். சிலையை வணங்க மறுத்ததால் எரிகிற சூளையில் போடப்படவிருந்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் ராஜாவின் முன்னால் நின்றபோது எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றுதான் முதலில் சொன்னார்கள், அதே மூச்சில் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்றும் சொன்னார்கள் (தானியேல் 3:17-18). நாம் முதல் பாதியைச் சத்தமாகச் சொல்லி, இரண்டாவதை விழுங்கிவிடுகிறோம். அதைச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடும் என்று பயம். அந்த மூவருக்கு அப்படி ஒரு பயம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது எரேமியா 29:11. சுவரில், சாவிக்கொத்தில், போன் திரையில் எல்லா இடத்திலும் இருக்கிற வசனம்: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ இதை யாரும் எடுத்துப் பேசக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், நானே எத்தனையோ தடவை பிடித்துக்கொண்ட வசனம்தான். தவறு என்னவென்றால், மேலே இருக்கிற 10ஆம் வசனத்தைப் பார்க்காமல் இதை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்வது. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறது அந்த வசனம். இது எரேமியா எழுதிய ஒரு கடிதம். அது போனது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, கி.மு. 597இல் அவர்களைக் கொண்டுபோயிருந்தார்கள். அவர்களில் முப்பது, நாற்பது வயதில் இருந்த யாரும் ஊர் திரும்புவதைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே அவர்கள் இந்த வாக்குத்தத்தத்தை வாசித்திருக்கவேண்டும்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி எல்லார் கண்முன்னும் உடைக்கிறான், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எரேமியா முதலில் கொடுத்த பதில்: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக! அவருக்கும் ஆசை இருந்தது, இரண்டு வருஷமாக இருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு. கூட்டத்தில் யாருக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கும் ‘இந்த மாதத்துக்குள் முடிந்துவிடும் பிரதர்’ என்று தேதி போட்டுக் கொடுக்கிறவர்களைத்தான் மனசு தேடுகிறது. அந்தத் தேதி தாண்டும்போது உடைவது, தேதி கொடுத்தவர் மேல் இருந்த மரியாதை மட்டும் என்றால் பரவாயில்லை, பல பேருக்கு தேவன் மேலேயே கசப்பு வந்துவிடுகிறது, அவர் கொடுக்காத வாக்கை அவர் மீறிவிட்டதாக.

சரி, அந்த எழுபது வருஷமும் என்ன செய்வது? அதே கடிதத்தில் இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். காத்திருப்பது என்றால் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நாம் நினைக்கிறோம். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வேலை வந்தபிறகு பிள்ளையோடு விளையாடலாம், வந்தபிறகு அண்ணனுக்குப் போன் பண்ணலாம், வந்தபிறகு சபையில் ஏதாவது பொறுப்பு எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ‘அப்புறம்’.

‘தாங்கக்கூடியதைத்தான் கர்த்தர் தருவார்’ என்று ஒரு ஆறுதல் வார்த்தை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1 கொரிந்தியர் 10:13இலிருந்து வருகிறது என்பார்கள். எடுத்துப் பாருங்கள், அந்த அதிகாரம் முழுக்க விக்கிரகாராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு என்று பாவத்தில் விழவைக்கிற சோதனைகளைப் பற்றியது. ‘உங்கள் திராணிக்கு மேலாக’ சோதிக்கப்பட விடமாட்டார், தப்பிக்கொள்ளும் போக்கையும் உண்டாக்குவார் என்பது அங்கே கொடுக்கிற உறுதி. அதை எடுத்து, கணவனை இழந்து நிற்கிற ஒரு பெண்ணிடம் ‘உனக்குத் தாங்க முடியும்னுதான்மா கர்த்தர் கொடுத்திருக்கார்’ என்று சொன்னால் அவளுக்கு என்ன கேட்கும்? நான் கொஞ்சம் பலவீனமாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்று கேட்கும். அதே பவுல், அதே சபைக்கு எழுதிய அடுத்த கடிதத்தில், ஆசியாவில் நடந்ததைச் சொல்லும்போது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போகும்படி ‘எங்கள் பலத்திற்கு மிஞ்சின’ வருத்தம் வந்தது என்று கூசாமல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1:8). தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று அடுத்த வசனத்தில் சொல்கிறார்: எங்கள்மேல் நம்பிக்கையாயிராமல் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கும்படிக்கு. நம்முடைய தாங்கும் சக்தி பேச்சிலேயே வரவில்லை. ஆகவே ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்வதை விசுவாசத்துக்கு விரோதமான வார்த்தை என்று எண்ணி அடக்கி வைக்கவேண்டாம், அப்போஸ்தலனே சொல்லியிருக்கிறார்.

அழுகையும் இதே மாதிரிதான். அடக்க ஆராதனையிலேயே ‘ஸ்தோத்திரம் சொல்லுங்க’ என்று வற்புறுத்துகிறவர்கள் யோபு 1:21ஐக் காட்டுவார்கள், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், அவர் நாமத்துக்கு ஸ்தோத்திரம் என்று சொன்ன வசனம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தடவை வருகிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வராமல் அப்படியே முடிகிறது. அதையும் தூக்கிப் போடாமல் ஆராதனைப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் பார்க்கவேண்டும். முறையிடுவது வேறு, முறுமுறுப்பது வேறு. வனாந்தரத்தில் ஜனங்கள் ‘தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள்’ என்கிறது சங்கீதம் 106:25. அவரைப் பற்றி அவருக்குப் பின்னால் பேசினார்கள். 13ஆம் சங்கீதத்தில் தாவீது அவரிடமே போய், முகத்துக்கு நேராக, என்னை மறந்துவிட்டீரா என்று கேட்கிறான். வார்த்தை எவ்வளவு சூடாக இருந்தாலும் அது ஜெபம். யோபுவின் புத்தகம் முடியும்போது, அழகாகப் பேசி தேவனுக்காக வாதாடிய எலிப்பாஸ் முதலான மூன்று நண்பர்களிடம்தான் தேவன் கோபப்படுகிறார், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று.

எந்தப் பாவத்தால் இது வந்தது என்று துருவித் துருவித் தேடுவது இன்னொன்று. யோவான் 9இல் ஒரு பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதே அந்தக் கேள்விதான், இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ என்று, இயேசு இரண்டையும் தள்ளிவிட்டார். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாவம் உறுத்தினால் அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். தெரியாத ஒன்றை இல்லாத இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கவேண்டாம்.

மருந்து சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்கிற பேச்சைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் நேரடியாக வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி அவருக்கு வந்திருந்த பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார் (2 இராஜாக்கள் 20).

ஆனால் இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. வீட்டில் அடியும் உதையும் வாங்குகிறவரிடம் ‘இது உன் சிலுவை, பொறுத்துக்கொள்’ என்று சொல்லி அனுப்புவது. இதை நான் தவறு என்ற வார்த்தையோடு விடமாட்டேன், இது கொடுமைக்குத் துணை போவது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி, அன்று இரவே தப்பி ஓடினான். பவுலைத் தமஸ்குவில் கொல்லப் பார்த்தபோது கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். எருசலேமில் அவரை வாரினால் அடிக்கக் கட்டினபோது, நான் ரோமக் குடிமகன், விசாரிக்காமல் அடிக்கலாமா என்று சட்டத்தைக் கேட்டார். கிறிஸ்துவுக்காகப் பாடுபடத் தயாராக இருந்த இவர்கள் தப்பிக்கக் கிடைத்த வழியை அவிசுவாசம் என்று ஒதுக்கவில்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போய் உதவி கேட்பது தேவபக்திக்கு விரோதமல்ல.

இனி தேவபக்தி. இது முடியட்டும், அப்புறம் நல்ல கிறிஸ்தவனாக இருந்துகொள்ளலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் நடத்தை அப்படித்தான் போகிறது. கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு ஒரு சலுகை உண்டு என்று நினைத்துக்கொள்கிறோம்: எரிந்து விழலாம், விண்ணப்பத்தில் ஒரு வருஷ அனுபவத்தைக் கூட்டி எழுதலாம், அடுத்தவனுக்கு நல்லது நடந்தால் வயிறெரியலாம். ‘தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு’ என்று 1 தீமோத்தேயு 4:7இல் வருகிற ‘முயற்சிபண்ணு’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இருப்பது உடற்பயிற்சிக்கான சொல், ‘ஜிம்’ என்ற வார்த்தையின் வேரும் அதுதான். பளு இல்லாமல் பயிற்சி இல்லை. நான் அந்த நோட்டைப் புதிதாக ஆரம்பித்தால் அதிகாரக் கணக்கை எழுதமாட்டேன். நேர்காணலில் முந்தின சம்பளத்தைக் கூட்டிச் சொல்லத் துடித்த நாக்கை ஒரு தடவை கடித்துக்கொண்டதை எழுதுவேன். அந்த வேலை கிடைக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

கூடவே உடம்பையும் மறக்கவேண்டாம். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் தேவன் எலியாவோடு பேசியது அதற்கும் 40 நாள் கழித்து. தூக்கமில்லாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டு, ஜெபத்தில் தேவபிரசன்னத்தை உணரமுடியவில்லையே என்று கலங்குகிறவர்கள் முதலில் படுத்துத் தூங்கலாம்.

கடைசியாக, கஷ்டப்படுகிறவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எனக்கு அந்த மாதங்களில் வந்த வசனங்கள் போன் நிறைய இருந்தன, பாதியை நான் திறக்கவே இல்லை. சபையில் அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். “என்ன சொல்றதுன்னு தெரியல தம்பி, சும்மா உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். அடுத்த செவ்வாயும் வந்தார். மூன்றாவது வாரம் பைபிளைக் கையில் எடுத்து, “இது ஒண்ணு மட்டும் வாசிக்கவா?” என்று கேட்டு 13ஆம் சங்கீதத்தை வாசித்தார், ஆறே வசனம், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக ஒரு வேலை கிடைத்துப் போக ஆரம்பித்த பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை, நாளை மட்டும் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்.