சுவாஹிலிச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் தேடுவது எப்படி

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து கென்யாவுக்கோ தன்சானியாவுக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: சுவாஹிலிச் சொல்லை அப்படியே அகராதியில் தேடினால் பல நேரம் கிடைக்காது, ஏனென்றால் அதன் முன்பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். கிதாபு என்றால் புத்தகம் (அரபிலிருந்து போனது, காத்தான்குடி ஆட்களுக்குச் சொல்லவே தேவையில்லை), பன்மையில் அது விதாபு, ஆனால் தேட வேண்டியது ஒருமையைத்தான். வினைச்சொல் இன்னும் கொஞ்சம் வேலை வாங்கும். ‘நினசோமா’ என்பதில் நி என்றால் நான், ன நிகழ்காலம், இரண்டையும் கழற்றிவிட்டு ‘சோமா’வைப் போட்டால் ‘ரீட்’ என்று வரும். சரி, நேரத்துக்கு மட்டும் அகராதியை நம்பாதீர்கள்! ‘சா மோஜா’ சொல்லுக்குச் சொல் 1 மணிதான், ஆனால் அங்கே பகலை விடியலிலிருந்தும் இரவைப் பொழுது சாய்ந்ததிலிருந்தும் எண்ணுவதால் அது 7 மணி; காலையா என்று உறுதிசெய்ய ‘அசுபுஹி?’ என்று கேளுங்கள், இரவு என்றால் ‘உசிகு’ என்பார்கள்.